எப்.ஏ. பரீட்சையும் சீனிவாச இராமாநுஜனும்

கல்லூரி மலர்களில் வாழ்க்கை வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் வகுப்பில் முதல்வராய் விளங்கிப் பட்டமும் பதவியும் பெற்றோரின் வரலாற்றையே தேர்ந்துகொள்வர். அது மரபு; அதனைக் குறைகூற யாம் முன்வரவில்லை. ஆயினும் இவ்விழா மலரில் யாம் எடுத்துக்கொண்டது, பரீட்சை மண்டபத்திலிருந்து பலமுறை தோற்று வெளிவந்த ஒருவரின் வரலாறாகும். சீனிவாச இராமாநுஜன் என்னும் பெயரைக் கேளாத மாணவர் நம்மிடையே இரார். அவருடைய கணிதத்தின் ஆழத்தைக் கணித ஆசிரியர்களே அளந்து கூறுதற்குரியர். தமிழ் கற்பிக்கும் எமக்கு அப்பணி உரியதன்று. ஆனால் அவர் பட்ட பரீட்சைத் துன்பம் எவருக்கும் விளங்கும். உயர்தரப் பரீட்சை நெருங்குந்தோறும் ஊண் மறந்து, உறக்கங் கெட்டு, வாசித்ததையே மீண்டும் மீண்டும் வாசித்தும் மனத்திற் பதியவில்லையென முகம் வாடி நிற்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கின்றோம். அவர்களை எண்ணியே இதனை எழுதலாயினோம்.

இராமாநுஜன் 1887ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்திற் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தையார் சீனிவாச ஐயங்கார் சேலைக் கடையொன்றிற் கணக்கெழுதி வாழ்ந்தவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலிற் பாடி வரும் சிறு வருவாயால் குடும்பத்திற்குத் துணைநின்றார். இரண்டாம் வயதில் அம்மை கண்டு பிழைத்தவர் இராமாநுஜன். அவருக்குப் பின்பிறந்த மூன்று குழந்தைகள் பால்மணம் மாறுமுன்னே இறந்துபோயின. ஆதலின் எஞ்சிய பிள்ளைமேல் அத்தாய் வைத்த அன்பும் அச்சமும் எத்துணையவாயிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

1897இல் நடைபெற்ற ஆரம்பக் கல்விப் பரீட்சையில் அவர் தஞ்சை மாவட்டத்திலேயே முதல்வராய்த் தேறினார். அடுத்த ஆண்டு நகர உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார். மேல்வகுப்பு மாணவர் கற்கும் லோனி என்பாரின் திரிகோணகணித நூலை ஏறக்குறைய பதின்மூன்று வயதிற்குள் தாமே கற்று முடித்தார் என்பர். பதினைந்து பதினாறு வயதளவில், 1903இல், கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணிதச் சூத்திரத் தொகுப்பொன்று அவர் கைக்கு வந்தது. இந்நூலைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். கார் என்பவர் பெருங் கணிதவியலாளர் அல்லர்; கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிதப் பரீட்சைக்கு மாணவரைப் பயிற்றிய தனியாசிரியர். இக்கால வழக்கிற் சொன்னால் ரியூசன் ஆசிரியர். பரீட்சைக்குச் செல்வோர் விரைந்து மீட்டிப் பார்ப்பதற்கென ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தேற்றங்களை வரிசைப்படுத்தி, நிறுவல்களைப் பெரும்பாலும் விடுத்து, 1880லும் 1886லும் இரு பாகங்களாக அந்நூலை வெளியிட்டார். பரீட்சைக்கென்றே எழுந்த அக்கைநூல், நிறுவல் இல்லாக் குறையினாலேயே ஒரு சிறுவனைத் தானே நிறுவிப் பார்க்கத் தூண்டியது. அவனைப் பரீட்சைக்குப் பயன்படாதவனாகவும் ஆக்கியது. மனப்பாடத்திற்கென அச்சிடப்பட்ட நூல் சிந்தனைக்கு வித்தானது வியப்பே. கைநூல்களை இழித்துப் பேசும் எம்மனையோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று.

1904இற் பள்ளியை விட்டு நீங்குங்கால் கணிதத்திற்கென வழங்கப்பட்ட இரங்கநாதராவ் பரிசு இராமாநுஜனுக்குக் கிடைத்தது. அவருக்கு முழுப் புள்ளிகள் கொடுப்பதும் போதாது என்று தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் சபையறியப் புகழ்ந்தார் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தார். தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று அக்காலத்தார் அக்கல்லூரியைப் பெருமையோடு சுட்டுவதுண்டு.

அங்கேதான் முதல் அடி விழுந்தது. ஆங்கிலக் கட்டுரையில் அவர் தேறவில்லை. உபகாரச் சம்பளம் நிறுத்தப்பட்டது. ஒரு தவணைக்குரிய கட்டணம் தந்தையாரின் ஒரு மாத ஊதியத்தை விஞ்சியதாதலின், அது நின்றவுடன் குடும்பமே தத்தளித்தது. சென்ற ஆண்டிற் சபையறியப் போற்றப்பட்ட பிள்ளை இவ்வாண்டிற் கட்டணம் கட்ட வழியற்ற பிள்ளையானான். சிலகாலம் பொறுத்துப் பார்த்தார். பின்னர் 1905ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், வீட்டில் எவருக்கும் சொல்லாது புகையிரதமேறி விசாகப்பட்டினத்திற்குப் போய்விட்டார். காணாமற்போன மகனைக் குறித்து இந்து நாளிதழில் அறிவித்தல் வெளிவந்தது. பெற்றோர் அவரைத் தேடிக் கண்டு அழைத்து வந்தனர். வந்தும் பயனில்லை, வரவு நாட்கள் போதாமையால் அவ்வாண்டுப் பரீட்சைக்குத் தோற்றும் தகுதியையும் இழந்தார்.

பிள்ளை ஓடிப்போனது கோழைமை என்று சிலர் கூறுவர். யாம் அங்ஙனம் கருதவில்லை. பதினேழு வயதிற் பரீட்சை என்பது அறிவை அளக்கும் கோலாக மட்டும் தோன்றுவதில்லை. அது தந்தையின் கடன், தாயின் கண்ணீர், அயலாரின் பார்வை ஆகிய எல்லாம் ஒன்றுதிரண்ட உருவாய் எதிரில் நிற்கும். அப்பொழுது அகன்றுபோதல் ஒன்றே வழியெனத் தோன்றுதல் இயல்பே. அவர் நல்லூழ், தேடி வருவதற்குப் பெற்றோர் இருந்தமையாகும். திரும்பி வந்தவரைத் தூற்றாது மீண்டும் கற்க அனுப்பியமையுமாகும்.

1906இல் அவர் சென்னைக்குச் சென்று பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். எப்.ஏ. எனப்பட்டது சென்னைப் பல்கலைக்கழகத்தின் இடைநிலைப் பரீட்சை. பட்ட வகுப்பிற்குச் செல்லும் வாயில் அதுவே. இப்பல்கலைக்கழகத்திற்கும் ஈழத்திற்கும் பழைய தொடர்புண்டு. 1857இல் அதன் முதற் பட்டதாரிகளாய் வெளிவந்த இருவரும் யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையுமாவர். நம்மவர் இருவருக்கு முதன்முதற் பட்டமளித்த அதே பல்கலைக்கழகம், அரை நூற்றாண்டு கழிந்தபின் இராமாநுஜனை இருமுறை வாயிலிலேயே நிறுத்தியது.

எப்.ஏ. பாடங்கள் ஆங்கிலம், கணிதம், உடற்கூற்றியல், கிரேக்க உரோம வரலாறு, வடமொழி என்பன. ஒவ்வொன்றிலும் தேறுதல் வேண்டும். ஒன்றிற் குவித்த புள்ளி மற்றொன்றின் குறையை நிரப்பாது. கணித வினாத்தாளுக்கு மூன்று மணி வழங்கப்பட்டால் இராமாநுஜன் அரைமணியில் விடையெழுதி முடித்துவிட்டுச் சும்மா இருப்பார். பச்சையப்பனிற் கணிதம் கற்பித்த சிங்காரவேலு முதலியார் கடினமான வினாக்களை அவரோடு இருந்து ஆராய்ந்தார். உடற்கூற்றியலோ அவருக்கு வேம்பாய்க் கசந்தது. உணவு செரிக்கும் முறையை விளக்குமாறு வந்த வினாவிற்கு, அப்பாடம் தமக்குச் செரிக்கவில்லையெனும் கருத்துப்பட வேடிக்கையாய் எழுதிவைத்து எழுந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. நகைப்பிற்குரியதாயினும் அந்நகைப்பின்கீழ் எத்துணைச் சலிப்பு மறைந்து கிடந்தது என்பதை ஆசிரியராயிருப்போர் உணர்வர். விடைத்தாளில் விகடம் எழுதும் மாணவன் பெரும்பாலும் உள்ளே அழுகின்றவன்.

அவ்வாண்டில் வயிற்றுளைவு நோய் அவரை வருத்திற்று. கும்பகோணத்திற்குத் திரும்பி மாதக்கணக்கிற் கிடந்தார். தேறி வந்து 1906 டிசெம்பரிற் பரீட்சை எழுதினார், தோற்றார். அடுத்த ஆண்டு தனிப்பட்ட மாணாக்கராய் மீண்டும் எழுதினார், மீண்டும் தோற்றார். கல்லூரி வாழ்வு அத்துடன் முடிந்தது.

இவ்விடத்தில் எம் ஊர் நிலையைக் கருதாது மேற்செல்ல இயலவில்லை. இன்றைய உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்கள்; மூன்று முறை தோற்றலாம். 2001 முதல் இசட் புள்ளி என்னும் கணிப்பினால் மாணவர் தரப்படுத்தப்படுகின்றனர். பாடத்திற்குப் பாடம் வினாத்தாளின் கடுமை வேறுபடுமாதலின், பெற்ற புள்ளியை அப்பாடத்தின் சராசரியோடும் பரம்பலோடும் ஒப்பிட்டு நிலைநிறுத்தும் ஏற்பாடு அது. கல்வி வசதி குறைந்தவை எனக் கணிக்கப்பட்ட மாவட்டங்களுள் திருகோணமலையும் ஒன்றாதலின், பல்கலைக்கழக அனுமதியில் நமக்கெனச் சிறு ஒதுக்கீடும் உண்டு. எண்ணத்தால் நல்லதே. ஆயினும் பிள்ளையின் மனத்தில் அது வேறுருக் கொள்கிறது. தான் எத்துணை அறிந்தோம் என்பதினும், பக்கத்து மேசையில் இருப்பவன் எத்துணை எழுதினான் என்பதே அவன் கவலையாகிறது. தசம தானங்களில் நான்காம் இடத்து எண்ணொன்றாற் பல்கலைக்கழக வாயில் அடைபடக் கூடுமாயின், அவ்வெண்ணை நினைந்து இரவிற் கண்விழித்திருப்பவனை வீண்கவலைக்காரன் என எங்ஙனம் ஏசுவது? போர்க்காலத்து மண்ணெண்ணெய் விளக்கொளியிற் கற்றுத் தோற்றிய பழைய மாணவர்கள் இதனை வாசித்துப் புன்முறுவல் பூக்கலாம். அவர்கள் பட்டது வேறு துன்பம். இது வேறு துன்பம். ஒன்றை ஒன்றால் அளத்தல் ஆகாது.

மற்றொன்றும் கூற வேண்டும். இராமாநுஜன் தோற்றார், ஆகவே தோல்வியே மேதையின் அடையாளம் என்று முடிவுகட்டும் மாணவரையும் கண்டுள்ளோம். அது பிழை. எம் நகரின் இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்திய விபுலாநந்த அடிகள், மயில்வாகனனாராயிருந்த காலத்தில், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிற் சித்தியெய்தினார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். தமிழும் விஞ்ஞானமும் ஆகிய இரண்டையும் பரீட்சை வாயிலாகவே கைப்பற்றியவர் அவர். யாழ்நூல் எழுதுவதற்கு அவ்விரண்டும் வேண்டியிருந்தன. பரீட்சையைப் பழித்தலும் தொழுதலும் யாம் வேண்டுவன அல்ல.

இனி 1907 முதல் 1910 வரையிலான ஆண்டுகளைக் காண்போம். இராமாநுஜனின் வரலாற்றில் எம் மனத்தை மிகவும் தொடுவது இப்பகுதியே. பட்டமில்லை, பதவியில்லை, ஊதியமில்லை. கும்பகோணத்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, மடியிற் சிலேட்டுப் பலகை வைத்து, கணக்கிடுவதும் முழங்கையால் அழிப்பதுமாய் நாள் கழிந்தது. காகிதம் வாங்கப் பொருளில்லை; ஆதலின் வழிமுறையைப் பலகையில் அழித்துவிட்டு, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற அக்குறிப்பேடுகளில் நிறுவல்கள் காணப்படாமைக்கு வறுமையும் ஒரு காரணம். காரின் நூல் காட்டிய வழி மற்றொரு காரணம். தனிப்பாடம் சொல்லிக்கொடுத்துப் பொருளீட்ட முயன்றார். அதுவும் கைகூடவில்லை. பரீட்சைக்குரிய கணக்கில் தொடங்கி, பாடத்திட்டத்திற்கு அப்பால் நெடுந்தூரம் சென்றுவிடுவார். மாணாக்கருக்கோ வேண்டியது புள்ளி.

1909 ஜூலையில் ஜானகி அம்மாளை மணஞ்செய்து வைத்தனர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அண்டவாயு நோய்க்கு அறுவைச் சிகிச்சை வேண்டியதாயிற்று. கையிற் பணமின்மையால் மருத்துவர் ஒருவர் ஊதியம் பெறாது செய்துதவினார். அவ்வாண்டிற் சென்னையில் மீண்டும் நோயுற்றபோது, பச்சையப்பனில் உடன்பயின்ற நண்பர் இராதாகிருஷ்ண ஐயர் தம் இருப்பிடத்தில் வைத்துப் பேணி, பின்னர்ப் புகையிரதமேற்றி ஊருக்கனுப்பினார். வண்டியேறுமுன் இராமாநுஜன் இரு குறிப்பேடுகளை அவர் கையில் ஒப்படைத்தார். தாம் இறக்க நேர்ந்தால் அவற்றைச் சிங்காரவேலு முதலியாரிடமோ, கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் றொஸ் என்பவரிடமோ சேர்ப்பிக்குமாறு வேண்டிக்கொண்டார். வயது இருபத்துமூன்றும் நிரம்பாத இளைஞர், தம் உடைமையென உலகில் எண்ணியது அவ்விரு ஏடுகளையே.

உடல் தேறியபின் அவ்வேடுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாயில் வாயிலாகச் சென்றார். இதனை நம் மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். தோல்வியுற்றோர் பெரும்பாலும் முகங்காட்ட நாணி வீட்டினுள் ஒடுங்குவர். இவரும் நாணமுற்றவரே; ஆயினும் தம் ஏட்டைக் காட்டுவதில் நாணவில்லை. 1910இல் திருக்கோவலூருக்குச் சென்று, இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தோற்றுவித்த துணைக் கலெக்டர் இராமசாமி ஐயரைக் கண்டு, அலுவலகத்தில் எழுத்தர் வேலையொன்று வேண்டினார். ஏட்டைப் புரட்டிப் பார்த்த அவர், இத்தகையவரைக் கிராமக் கச்சேரியிற் புதைத்தல் தகாதென்று கருதி, சென்னையிலிருந்த சேஷு ஐயரிடம் கடிதத்துடன் அனுப்பினார். அங்கிருந்து நெல்லூர்க் கலெக்டர் திவான் பகதூர் இராமச்சந்திர ராவிடம் வழி திறந்தது. அவரும் உடனே நம்பினாரல்லர். ஏமாற்றுக்காரரோ என்றும் ஐயுற்றார். ஒருமுறை கண்டு ஐயம் தீராது மீண்டும் மீண்டும் வரச்செய்து, தமக்கு விளங்கும் எளிய முடிவுகளிலிருந்து இராமாநுஜன் படிப்படியாய் விளக்கக் கேட்டபின்னரே தெளிந்தார். தெளிந்தபின் மாதம் 25 ரூபா தம் கையிலிருந்து கொடுத்து வந்தார். 1911இல் முதற் கட்டுரை, பேர்ணூலி எண்களைப் பற்றியது, இந்தியக் கணிதக் கழக இதழில் வெளிவந்தது.

பிறர் பொருளில் வாழ்தல் இராமாநுஜனுக்குப் பொருந்தவில்லை. 1912 பெப்ரவரியிற் சென்னைத் துறைமுகப் பொறுப்பாட்சிக்கு வேலை வேண்டி விண்ணப்பித்தார். அவ்விண்ணப்பத்தில், மெற்றிக்குலேசன் தேறியதையும், எப்.ஏ. வரை கற்றுப் பல இடையூறுகளால் மேற்செல்ல இயலாமற் போனதையும், அதன்பின் தம் காலமெல்லாம் கணிதத்திற் கழிந்ததையும் மறையாது எழுதினார். பெருமையும் இல்லை, கெஞ்சலும் இல்லை. எமது மேல்வகுப்பு மாணவருக்கு விண்ணப்பம் எழுதப் பழக்கும்போது இதனையே எடுத்துக்காட்டாய்ச் சொல்வது எம் வழக்கம்.

1912 மார்ச் 1ஆம் நாள், மாதம் 30 ரூபா ஊதியத்தில், துறைமுகக் கணக்கு எழுத்தராய் அமர்ந்தார். துறைமுகத்தைச் சார்ந்து வாழும் நம் ஊரவர்க்கு இது புதுமையன்று. 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் கையில் இருந்த திருகோணமலைத் துறைமுகத்தில் எழுத்தராயும் களஞ்சியக் கணக்கராயும் பணிபுரிந்து குடும்பங் காத்தோர் பலர். ஒரு பரீட்சையில் இடறி, மேற்படிப்பைக் கைவிட்டுத் துறைமுக வாயிலுக்குள் நுழைந்தோரும் அவர்களுள் இருந்தனர். அவ்வேலை இழிந்ததன்று, இராமாநுஜனுக்கும் அது கைகொடுத்தது. வயிற்றுக் கவலை நீங்கியபின்னரே அவர் மனம் நிலைபெற்றது. கப்பற் பொதிகளைச் சுற்றி வந்த தாள்களையும் பொறுக்கி எடுத்துக் கணக்கிடுவார் என்பர். அங்கே மேலாளராயிருந்த நாராயண ஐயர் கணிதம் வல்லவர். இருவரும் மாலையில் ஆளுக்கொரு சிலேட்டுடன் அமர்வர். ஒரே தாவலில் இராமாநுஜன் அடையும் முடிவிற்கு இடைப்பட்ட படிகளையும் எழுதுமாறு ஐயர் வற்புறுத்துவார். பிறருக்கு விளங்காத மெய் பயன்தராதென்பது அவர் கொள்கை. நல்லாசிரியர் கல்லூரியில் மட்டும் இருப்பவரல்லர். துறைமுகத் தலைவர் சேர் பிரான்சிஸ் ஸ்பிறிங்கும் ஆதரவளித்தார்.

இவர்கள் தூண்டுதலால் இராமாநுஜன் கேம்பிரிட்ஜ் அறிஞர்களுக்கு எழுதினார். பேக்கர், ஹொப்சன் ஆகிய இருவரிடமிருந்தும் துணை கிடைக்கவில்லை. 1913 ஜனவரி 16ஆம் நாளிட்ட கடிதம் ஹார்டி என்பவர் கையை அடைந்தது. அதிலும் தாம் துறைமுக எழுத்தர் என்பதையும் பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர் என்பதையும் முதலிலேயே கூறிவிட்டு, நூற்றுக்கு மேற்பட்ட தேற்றங்களை இணைத்திருந்தார். அக்கடிதம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும். ஆங்கிலக் கட்டுரையிற் றோற்றவரே நண்பர் துணையுடன் அம்மொழியில் எழுதித்தான் உலகை எட்டினார். ஒரு பாடம் பிடிக்கவில்லையென ஒதுக்கும் மாணவர், அப்பாடம் பின்னொருநாள் வேறு வாயிலாய் வந்து நிற்கும் என்பதை இதனால் அறியலாம்.

கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சையைப் பற்றியும் இங்கே சொல்லல் தகும். டிரைப்போஸ் எனப்படும் அப்பரீட்சையில், 1909 வரை, தேறியோர் பெயர்கள் முதல்வர் முதற் கடைவர் வரை வரிசையாய் வாசிக்கப்பட்டன. அவ்வரிசை ஒருவரின் வாழ்நாள் முழுதும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மாணவர் கணிதத்தை விட்டு, வினாத்தாளை விரைந்து வெல்லும் உபாயங்களைத் தனியாசிரியரிடம் பயின்றனர். 1898இல் நான்காம் இடம் பெற்ற ஹார்டி அப்பயிற்சியை அடியோடு வெறுத்து, கணிதத்தையே விட்டு வரலாறு கற்கலாமோ என்றும் எண்ணினார். பின்னாளில் அவ்வரிசை முறையை ஒழிக்கப் பாடுபட்டவருள் அவரும் ஒருவர். 1910 முதல் அது ஒழிந்தது. பரீட்சையால் வருந்தி அதன் குறையறிந்த ஒருவர் மேசைமீது, பரீட்சையில் தோற்ற ஒருவரின் கடிதம் வந்து விழுந்தமை நற்பேறே. பேக்கர் 1887லும் ஹொப்சன் 1878லும் முதலிடம் பெற்றவர்கள். இதனைக் கொண்டு முதலிடம் பெறுவோர் கண்ணற்றவர் எனச் சொல்லிவிடலாகாது. ஹார்டியோடிருந்து அக்கடிதத்தை ஆராய்ந்த லிற்றில்வுட் 1905இன் முதல்வர். சென்னைத் துறைமுகத்திற்கு வந்து இராமாநுஜனின் ஏட்டைக் கண்டு பல்கலைக்கழகத்திற்குப் பரிந்துரைத்த வானிலை ஆய்வுத் தலைவர் வோக்கர் 1889இன் முதல்வர்.

அதன்பின் நிகழ்ந்தவை விரைவாய் நிகழ்ந்தன. எப்.ஏ. தேறாதவரென இருமுறை விலக்கிய சென்னைப் பல்கலைக்கழகமே, விதிப்படி உயர் பட்டம் பெற்றார்க்குரிய ஆராய்ச்சி உதவியை 1913 மே முதல் மாதம் 75 ரூபாவாக அவருக்கு வழங்கியது. விதியை வளைக்கலாமா என்னும் வாதம் எழாமலில்லை. 1914இற் சென்னைக்கு வந்திருந்த நெவில் என்னும் இளம் அறிஞர் இராமாநுஜனை இங்கிலாந்துக்கு வர இணங்கச் செய்தார். பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண் அளித்தது. மார்ச் 17ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலிற் புறப்பட்டு ஏப்ரலில் இலண்டன் சேர்ந்தார். 1916 மார்ச்சில், ஆராய்ச்சிக் கட்டுரையை ஏற்றுக் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டமளித்தது. அப்பட்டத்திற்கென அவர் எழுத்துப் பரீட்சை ஒன்றிற்கும் அமர்ந்தாரல்லர்.

இத்துடன் துன்பம் தீர்ந்ததென எழுதினால் வரலாறு இனிதாய் முடியும். ஆனால் அது மெய்யாகாது. போர்க்காலத்து இங்கிலாந்தில் மரக்கறி உணவு அருகிற்று. குளிரும் தனிமையும் வாட்டின. வீட்டிலிருந்து கடிதமும் ஒழுங்காய் வரவில்லை. 1917இல் நோயுற்று மருத்துவ விடுதிகளிற் கிடந்தார். அவ்வாண்டு திரினிற்றிக் கல்லூரி உறுப்பாண்மைக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டும் தேர்வு பெறவில்லை. எப்.ஏ. தோல்வியின் பழைய நிழல் மீண்டும் விழுந்தது போலும்! 1918இன் தொடக்கத்தில், மனமுடைந்து, தம் உயிரையே துறக்கத் துணிந்து, அயலார் ஒருவரின் விரைந்த செயலாற் காப்பாற்றப்பட்டார். ஹார்டி ஓடிவந்து காவலரிடம் பேசி அவரை மீட்டார். சிறார் வாசிக்கும் மலரில் இதனை எழுதலாமோ எனத் தயங்கினோம். எழுதாது விடின், மேதைகளுக்கு மனந்தளர்ச்சி வருவதில்லை என்றும், தளர்ந்தவன் தான் ஒருவனே என்றும் ஒரு பிள்ளை எண்ணிவிடக் கூடும், ஆதலின் எழுதினோம். உடற்பிணிக்கு மருத்துவரை நாடுவது போல மனச்சுமைக்கும் ஒருவரை நாடலாம். அவர் தாயாயினும் ஆசிரியராயினும் நண்பராயினும் ஆகுக. இராமாநுஜன் தம் சுமையைப் பல மாதங்கள் எவரிடமும் இறக்கவில்லை.

அந்நிகழ்ச்சி நடந்து சில மாதங்களுக்குள், 1918 மே மாதத்தில், அவர் இலண்டன் றோயல் சங்க உறுப்பினராய்த் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியருள் அப்பேறு பெற்ற இரண்டாமவர் அவரே. அக்டோபரில் திரினிற்றிக் கல்லூரியும் ஓராண்டின் முன் மறுத்த இடத்தை வழங்கியது. இச்செய்திகள் அவருக்குப் புத்துயிரளித்தன. நல்ல ஆராய்ச்சி மீண்டும் பிறந்தது. ஆயினும் நோய் விடவில்லை. 1919 மார்ச்சில் தாயகம் திரும்பி, கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் சென்னைச் சேத்துப்பட்டிலும் தங்கி மருத்துவம் பெற்றார். அக்கால மருத்துவர் அதனைச் சயரோகம் எனக் கொண்டனர். 1906இல் அவரைப் பரீட்சைக்கு முன் படுக்கையில் வீழ்த்திய வயிற்றுளைவின் கிருமியே ஈரலிற் றங்கி நெடுநாட் பின் அவரை அழித்திருக்கக் கூடும் என, 1994இல் ஆங்கில மருத்துவ ஆய்வாளர் ஒருவர் சான்றுகளுடன் எழுதினார். அங்ஙனமாயின், எப்.ஏ. ஆண்டின் துன்பம் அவரை இறுதிவரை தொடர்ந்தது எனலாம்.

1920 ஏப்ரல் 26ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதில், அவர் உயிர் நீத்தார். படுக்கையிற் சாய்ந்தபடியே இறுதி வரை கணக்கிட்டார். ஜானகி அம்மாள் அருகிருந்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தும், எழுதிய தாள்களைச் சேர்த்துப் பெட்டியில் வைத்தும் பேணினார். அத்தாள்களிற் சில இங்கிலாந்துக்குச் சென்று, கைமாறி, திரினிற்றிக் கல்லூரி நூலகத்திற் பல்லாண்டு எவர் கண்ணுக்கும் படாது கிடந்தன. 1976இல் அமெரிக்கக் கணிதவியலாளர் அன்றூஸ் அவற்றைக் கண்டெடுத்தார். நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களில், விளக்கமின்றி, நிறுவலின்றி, வரிக்கு வரி சூத்திரங்கள். கும்பகோணத்துத் திண்ணையில் எழுதிய முறையிலேயே இவற்றையும் எழுதியிருந்தார். அவற்றை ஒவ்வொன்றாய் நிறுவிக் காட்டப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்குப் பல பத்தாண்டுகள் வேண்டியிருந்தன.